டெல்பின் வரும் இடம்

"எந்தப் படம்?" என்றார் வானொலி நிலையத்தில்.
படம் இல்லை சார், பாட்டு மட்டும்தான்.
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.
படிவத்தில் படத்தின் பெயருக்கு அகலமாய் ஒரு கட்டம்,
கம்பெனிக்கு ஒரு கட்டம்,
இசைத்தவருக்கு ஒரே ஒரு வரி.
நாங்கள் நான்கு பேர்.
கடைசிப் பேருந்தில் ஏறுவதுபோல் அந்த வரியில் ஏறினோம்.
நம்புராஜனின் 'ன்' வெளியே தொங்கியது.

பென் டிரைவோடு சட்டைப் பையிலிருந்து
ஒரு மீன் செதிலும் வந்தது.
அவர் அதை மட்டும் ஊதிவிட்டார்.

எங்கள் டிரம்மில் பாதி டீசல் கேன்.
கிட்டார் சீனி இபுறாகிம், கீழக்கரையில் செல்போன் கடை;
கம்பி அறுந்த இரவில்
தூண்டில் நரம்பைக் கட்டி வாசித்து முடித்தவன்.
நான் பேஸ். ஐஸ் கம்பெனியில் இரவு வேலை.
கம்ப்ரஸர் உறுமும் சுருதிக்குத்தான்
என் தடித்த கம்பியைக் கூட்டியிருக்கிறேன்.
டெல்பின் எழுதுகிறாள், பாடுகிறாள்,
பகலில் நண்டுக் கம்பெனியில் ஓடு உடைக்கிறாள்.
பதிவு செய்தது வலைக் கொட்டகையில்.
நைலான் குவியல் எதிரொலியைத் தின்றுவிடும்,
கொஞ்சம் நாறும்.

பாட்டு நாலு நிமிடம் பத்து வினாடி.
அதில் முன்னிசை மட்டும் ஒன்று ஐம்பத்திரண்டு.
"நீளம்" என்றாள் டெல்பின் அன்றைக்கே.
கேனைக் குறைக்க மாட்டேன் என்றான் நம்புராஜன்.
நான் வாயைத் திறக்கவில்லை.
எனக்கு அதில் எட்டுச் சுற்று இருந்தது.

எங்கள் கரையில் கொழும்பு தெளிவாக வரும்,
மதுரை காற்றைப் பொறுத்தது.
பாம்பன் பக்கத்து இந்தச் சின்ன நிலையம்தான்
எங்கள் கைக்கு எட்டிய ஒரே கோபுரம்.
ஏழு வாரம் போன் அடித்தோம்.
எட்டாவது வாரம் அவர்களே அடித்தார்கள்:
வியாழன், விடிகாலை நாலு நாற்பது,
கடல் நிலவரத்துக்கு முன்.

நாலு நாற்பதுக்குக் கேன் முழங்கியது.
நான் கம்ப்ரஸரை நிறுத்தினேன்,
வேலை போகிற காரியம்.
டெல்பினின் அப்பா படகில்
பாலித்தீன் பையில் கட்டிய ரேடியோ.
ஒரு நிமிடம். ஒன்று முப்பது.
ஒன்று ஐம்பதில் பாட்டு அறுந்தது.
"பாம்பன் துறைமுகத்தில்
மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு..."

இன்னும் இரண்டு வினாடி.
அவள் மூச்சு இழுத்தது வரை வந்ததாக
சீனி சத்தியம் செய்கிறான்.

கேன் சத்தத்துக்குச் சனம் காதைத் தீட்டுகிறது என்று
அறிவிப்பாளர் கண்டுபிடித்துவிட்டார்.
இரண்டு நாளில் பதினொரு முறை.
பதினொரு முறையும் ஒன்று ஐம்பதில்
காற்றின் வேகம், அலையின் உயரம்.

புயல் வேறெங்கோ கரை ஏறியது. கூண்டை இறக்கினார்கள்.
பாட்டு இறங்கவில்லை.
மண்டபம் டீக்கடையில் ஒரு பையன்
எங்கள் தாளத்தைக் கிளாஸில் தட்ட,
விசைப்படகுக்காரர் ஒருவர் கையைப் பிடித்தார்:
"சும்மா இருலே, காத்தக் கூப்பிடாத."
நாங்கள் வைத்த பெயர் 'உப்பு வாடகை'.
ஊர் வைத்தது 'கூண்டுப் பாட்டு'.
தங்கச்சிமடத்தில் அது கேட்டால்
கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிறார்களாம்.

ஒரு தடவை முழுசாகப் போடுங்கள் சார் என்று போய் நின்றேன்.
அவர் யோசித்துத்தான் சொன்னார்:
"பாதியில நிக்கலன்னா
சனம் பயந்துரும் தம்பி."

டெல்பினிடம் சொன்னேன்.
நிமிராமல் ஓடு உடைத்தாள்.
கோபம் இருந்தது, அதைவிட அதிகமாய்
இருபது கிலோ நண்டு இருந்தது.
கடைசியில்,
"அப்பா அன்னைக்கு முனை தாண்டல.
அதுவரைக்கும் சரி.
அடுத்த பாட்டுக்கு முன்னிசை கிடையாது.
சுவிட்சப் போட்டா நான்தான்."

நம்புராஜன் கேனைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

புதுப் படிவம் வாங்கி வந்திருக்கிறேன்.
படத்தின் பெயர் என்கிற கட்டத்தில்
'டெல்பின்' என்று எழுதினேன்.
தாராளமாக இடம் இருந்தது.